இப்போதைக்கு இல்லை

ஆறாம் நாள்தான் ஆய்வுகூடம் போக முடிந்தது.
பெட்ரோல் இல்லை. கிருலப்பனையிலிருந்து நடந்தேன்.
ஹெவ்லொக் வீதி ஓரமாக
ஒன்றோடொன்று சங்கிலியால் கட்டிய வெற்று சிலிண்டர்கள்.
ஆட்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள்,
சிலிண்டர்கள் வரிசையில் நின்றன.

மேசையில் இரண்டு குடுவைகள்.
குலுக்கும் இயந்திரம் எந்த நொடியில் நின்றதோ
அந்தச் சரிவிலேயே.
‘அ’ என்று ஒட்டியது காட்டு வகை மதுவம்.
பெயர்தான் அப்படி, காடு கண்டதில்லை.
‘ஆ’வில் ஓர் எழுத்துப் பிழை:
அதன் ஒரு பரம்பரையலகு
எந்த நேரமும் ‘வளர்’ என்றே சொல்லும்.
பிழையைச் செய்தவள் நான். அதற்குத்தான் சம்பளம்.

கரண்ட் இல்லை.
கண்ணாடி வைத்த பழைய நுணுக்குக்காட்டியை
யன்னலருகே இழுத்தேன்.
கொழும்பு வெயில் அதற்குப் போதும்.

சீனி இருக்கும்வரை
தொண்ணூறு நிமிடத்துக்கு ஒரு மகளை அரும்பும் இனம் இது.
சீனி குறைந்தால்
கருவுக்கு வெளியே சும்மா திரிந்த இரண்டு புரதங்கள்
(ஒன்று தவறினால் மற்றது, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி)
உள்ளே போகின்றன.
சில நூறு விளக்குகள் எரிகின்றன.
வேறு பல நூறு அணைகின்றன.
முதலில் மூடுவது
புரதம் செய்யும் பட்டறைகளைக் கட்டுகிற பட்டறையை.
பிறகு ஓர் இனிப்பைச் செய்து
தின்னாமல் உள்ளே அடுக்குகிறது.
சுவர் தடிக்கிறது.

‘அ’ அப்படித்தான் கிடந்தது.
வட்டம் வட்டமாக, அரும்பில்லாமல்,
சாகாமல்.
‘இப்போதைக்கு இல்லை’ என்று சொல்ல
அதற்கு இவ்வளவு வேதியியல் வேண்டியிருக்கிறது.

நாங்கள் ஒரு வசனத்தில் முடித்தோம்.
மாசி மாதம், மெழுகுதிரி,
பால்மா விலை எழுதிய வரியில்
கோபிதரனின் பேனை நின்றுவிட்டது.
“இப்போதைக்கு வேண்டாம், என்ன?”
“ம்.”
கொப்பியை மூடினான். மெழுகுதிரியை நான் ஊதினேன்,
மிச்சம் பிடிக்க.

‘ஆ’வைப் பார்த்தேன்.
பாதி வளர்ந்த அரும்புகள்,
தாயை விட்டுப் பிரியவும் முடியாமல்
வெளிறிப் போய்.
தின்ன ஒன்றுமில்லாத குடுவையில்
ஆறு நாளும் அவை வீடு கட்டியிருக்கின்றன.
கோபம் வரவில்லை எனக்கு.
மாமி தொலைபேசியில் கேட்பதும்
அந்தப் பரம்பரையலகு சொல்வதும்
ஒரே சொல்தான். அன்பாகவே சொல்கிறார்கள்.

பஸ்மியா பிந்தி வந்தாள்.
பாண் வரிசையில் மூன்று மணித்தியாலம்,
கையில் அரை றாத்தல்.
“டொக்டர், இவ்வளவு மதுவம் வளர்க்கிறோம்,
எங்களுக்கு ஒரு பாண் இல்லை” என்றாள்.
சிரித்தோம். நுனியைப் பிய்த்துத் தந்தாள்.
இரண்டு குடுவையிலிருந்தும் ஒவ்வொரு துளி
புது உணவுத் தட்டில் பரப்பினோம்.
அடைகாப்பான் வேண்டியதில்லை,
இந்த ஊரே முப்பது பாகை.

சீனியைக் கண்டதும் பாய்ந்து எழுவதில்லை அவை.
முதல் சில மணித்தியாலம்
வரைபடத்தில் தட்டையான கோடு.
வெளியிலிருந்து பார்ப்பவருக்கு
ஒன்றுமே நடக்கவில்லை.

மூன்றாம் நாள்.
‘அ’ தட்டில் எண்ண முடியாதபடி வெண்புள்ளிகள்.
‘ஆ’வில் மூன்று.
பஸ்மியா இன்னொரு தடவை எண்ணினாள். மூன்றுதான்.

அந்த மூன்றும் எப்படித் தப்பின?
எங்கோ விழுந்த இரண்டாவது பிழையொன்று
நிறுத்தக் கற்றுக் கொடுத்திருக்கலாம்.
எழுத்தெழுத்தாய் வாசித்துப் பார்க்க
டொலர் வேண்டும்.

கோபிதரனின் செய்தி வந்தது:
காஸ் லொறி வந்திட்டுதாம்,
எங்கட இலக்கம் நூற்றி நாற்பத்திரண்டு.

மூன்றையும் தனித்தனியாய்த் தொட்டெடுத்து
மூன்று குழாயில் போட்டு
திகதி எழுதி
குளிர்ப்பெட்டியில் வைத்தேன்.
பத்து மணிவரை கரண்ட் இருக்கும் என்று
அட்டவணை சொல்கிறது.